வழக்கம் போல முடி

மார்ச் 3

தங்கைக்கு,

நலம் கேட்டுத் தொடங்குவதே கடிதத்துக்கு முறை. சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுப் போனவளிடம் அதைக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. ஆகவே கேட்க வந்ததை முதலில் கேட்டுவிடுகிறேன். அலுவலகத்தில் உன் மேசைக்குப் பின்னால் நின்ற இரும்பு அலமாரியின் சாவி எங்கே?

இதை என் கையாலேயே எழுதுகிறேன். கோணல் இருந்தால் பொறுத்துக்கொள். நான் வாயால் சொல்லும் எதுவும் இப்போது இந்த ஊரில் தங்குவதில்லை. கருவியில் பேசி முடித்ததும் அது எங்கோ ஒரு நிறுவனத்துக்குப் போகிறது. அங்கே யாரோ கேட்டுத் தட்டெழுதி, நான் கொடுத்து வைத்திருக்கும் கையொப்பப் படத்தை அடியில் ஒட்டி, ஒரு மணி நேரத்துக்குள் பெறுநரிடம் சேர்த்துவிடுகிறார்கள். என் பார்வைக்கு வருவது நகல் மட்டுமே. உனக்கு எழுதுவதையும் அந்த வழியில் அனுப்ப மனம் ஒப்பவில்லை.

உன் மகன் போல வளர்ந்த என் மகன் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது, "அப்பா, நமக்குத் தெரிஞ்சது வழக்கு. ஃபோன் எடுக்கிறது, டைப் அடிக்கிறது, ஃபைல் அடுக்கிறது எல்லாம் வெளிய கொடுத்துடலாம். எல்லா ஆபீசும் அப்படித்தான் பண்றாங்க" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இப்போது முன்னறையில் யாரும் இல்லை. கட்சிக்காரர்கள் உள்ளே வந்து, நாற்காலிகளைப் பார்த்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என் அறைக்கதவைத் தட்டுகிறார்கள். கோப்புகள் ஒரு கிடங்குக்குப் போய்விட்டன. நேற்று நீதிமன்றத்திலிருந்து என் சொந்த அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். ஒரு பெண் குரல், "வணக்கம், எது தொடர்பா கூப்பிடுறீங்க?" என்றது. "நான்தாம்மா பேசறேன்" என்றேன். "நான்தான்னா யாருங்க ஐயா?" என்றது. அதற்கு விடை சொல்ல முனிவர்களே திணறியிருக்கிறார்கள். நான் இணைப்பை வைத்துவிட்டேன்.

சிரிப்புக்கு ஒன்று சொல்கிறேன். கடிதத்தைச் சொல்லி முடிக்கும்போது 'வழக்கம் போல முடி' என்பேன், நீ முடிப்பாய். புதியவர்கள் தொடக்கத்தில் அதையும் அப்படியே தட்டெழுதி அனுப்பிவிட்டார்கள். மரக்கடைக்காரர் கடிதத்தோடு நேரில் வந்தார். அவர் தலையில் ஓர் இழையும் இல்லை என்பது உனக்குத் தெரியும். "வக்கீலய்யா, வழக்கம் போல முடின்னு போட்டிருக்கீங்க. எனக்கு அந்த வழக்கம் விட்டுப்போயி ரொம்ப நாளாச்சே!" என்றார். அண்மையில் அந்தப் பிழை நின்றுவிட்டது. அங்கே யாரோ கற்றுக்கொண்டார்கள் போலும். கடைசி வரியை நான் படிப்பதில்லை; ஆனால் யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை.

களைப்பாக இருக்கிறது. காலைப் பாராயணத்தில் அடி தவறுகிறது. ஓய்வெடு என்றுதான் உன்னிடம் சொன்னேன். அதில் எந்தச் சொல் உன்னைச் சுட்டது என்று இன்றுவரை விளங்கவில்லை.

அண்ணன்

*

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாவி, சுவர்க் காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. மேசையைத் தூக்கியவர்கள் காலண்டரை விட்டுவைத்திருந்தால்.

எந்தச் சொல் சுட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். 'ஓய்வு' நல்ல சொல். அதை நீங்கள் என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கோட்டுப் போட்ட அந்த ஆலோசனைக்காரர் சுவரில் படம் காட்டினாரே, நினைவிருக்கிறதா? ஒரு கடிதம் உங்கள் வாயிலிருந்து புறப்பட்டு உறைக்குள் போகும் வரை எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கோடு கோடாகப் போட்டிருந்தார். எல்லாக் கோடும் குட்டை. ஒன்று மட்டும் சுவர் முழுக்க நீண்டு கிடந்தது. அதன் தலையில் 'அத்தை மேசை' என்று எழுதியிருந்தார்கள். அலுவலகமே என்னை அத்தை என்று கூப்பிடுவதை அவரும் பிடித்துக்கொண்டார். உங்கள் மகன் பாவம், "அத்தை மேல தப்பில்ல சார், சிஸ்டம்தான் அப்படி" என்றான். நீங்கள் அந்த ஆளைப் பார்த்து, "அவளுக்கும் வயசாச்சு, ஓய்வெடுக்கட்டும்" என்றீர்கள். நான் உங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். பிறகு பூங்கொத்துக் கொடுத்தீர்கள். மரியாதை என்றீர்கள். என்னைக் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம்.

ஒரு கடிதம் என் மேசையில் ஏன் ஒரு நாள் கிடந்தது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது நம் வீட்டு வழக்கம் இல்லையே.

இங்கே மகள் வீட்டில் எனக்கு ஒரு சின்ன அறை. துணி துவைக்கும் இயந்திரமும் நானும் பங்காளிகள். அது சுற்றும்போது நான் பாராயணத்தை நிறுத்துகிறேன். நான் பாராயணம் செய்யும்போது அது நிறுத்துவதில்லை. மாப்பிள்ளை நல்லவர். "அத்தை, டிவி சத்தம் கொறைக்கட்டுமா?" என்று கேட்டுக் கேட்டே அந்த மனிதர் நிம்மதியாக ஒரு செய்தி பார்த்ததில்லை. அதனால் ஒரு வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். எங்கே என்று கேட்காதீர்கள். நாள் முழுக்கக் காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலை. காதுமடல் வலிக்கிறது. மற்றபடி பழகிய வேலைதான்.

இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள். பேச்சுக்கு நடுவே இருமுகிறீர்கள்.

தங்கை

*

மார்ச் 20

தங்கைக்கு,

சாவி கிடைத்தது. அலமாரியை இன்னும் திறக்கவில்லை. திறக்கும் மனநிலையில் நான் இல்லை.

நான் இருமுவது உனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் வியந்தேன். பின்பு, எக்காலத்திலும் இருமிக்கொண்டிருப்பவன்தானே என்று விட்டுவிட்டேன்.

கேள். சென்ற வாரம் அலுவலகத்துக்குப் புதுக் கடிதத்தாள் அச்சாகி வந்தது. அதையும் இப்போது அந்த நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. மேலே என் மகனின் பெயர். அடுத்து அவனோடு இருக்கும் இன்னோர் இளைய வழக்கறிஞர். பக்கத்தின் அடியில், தொலைபேசி எண்ணுக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில் என் பெயர், பக்கத்தில் 'ஆலோசகர்'. நான் கட்டிய அலுவலகம். என் பெயரைப் படிக்க எனக்கே கண்ணாடி வேண்டியிருந்தது.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அப்பா, நீங்கதானே களைப்பா இருக்குன்னு தினம் சொல்றீங்க. தினம் கோர்ட்டுக்கு ஓட வேண்டாம்னுதான். ஆலோசகர்னா மரியாதைதானே?" என்றான். "மரியாதையை என்னைக் கேட்டுட்டுக் கொடுத்திருக்கலாமே?" என்றேன். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "சரி, அடுத்த தடவை கேக்கறேன்" என்றான். அடுத்த தடவை என்று ஒன்று என் வயதில் இருப்பவனுக்கு எங்கே இருக்கிறது?

கதவைச் சாத்திக்கொண்டு கருவியை எடுத்தேன். அவனுக்குத்தான் கடிதம். இந்த மாத முடிவோடு நம் கூட்டு முடிகிறது; உன் அறையைக் காலி செய்துகொள்; இனி என் வீட்டிலும் உனக்கு இடமில்லை; உன்னைப் பெற்றவள் இதைப் பார்க்காமல் போனது அவள் செய்த புண்ணியம். இவ்வளவும் சொன்னேன். சொன்னதைத் திரும்பப் பெறுவதற்கு இல்லை. சொல் ஒன்று, செயல் ஒன்று என்று வாழ்ந்தவன் இல்லை நான்.

அந்தக் கடிதம் போகவில்லை! ஒரு மணி நேரம் என்று பீற்றிக்கொள்ளும் நிறுவனம், அன்று முழுவதும் மௌனம் காத்தது. மறுநாள் கேட்டால், ஏழாம் இருக்கையில் இருக்கும் பணியாளர் 'ஒலி தெளிவில்லை' என்று குறித்து நிறுத்தி வைத்திருக்கிறாராம். என் குரலா தெளிவில்லை? நாற்பது ஆண்டுகள் நீதிபதிகளின் காதில் விழுந்த குரல். அந்தப் பணியாளரை வேலையைவிட்டு நீக்குமாறு ஒரு புகாரைக் கருவியில் சொன்னேன். அது மட்டும் குறித்த நேரத்துக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்தது. நீக்கிவிட்டதாகப் பதிலும் வந்துவிட்டது. மகனுக்கான கடிதத்தை வேறொருவரிடம் கொடுத்திருக்கிறார்களாம். நாளை போய்விடும் என்கிறார்கள்.

போகட்டும்.

அண்ணன்

*

மார்ச் 22

அண்ணா,

உங்கள் கடிதம் இப்போதுதான் கையில் கிடைத்தது. முறையாகத் தொடங்க நேரமில்லை. ஏழாம் இருக்கையில் இருந்தது நான்தான்.

உடனே அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். நீங்கள் சொன்ன அதே பெண் எடுத்தாள். நான் வேலை பார்த்த கட்டடத்தில், எனக்கு ஒரு மாடி மேலே உட்கார்ந்திருப்பவள். "எது தொடர்பாம்மா?" "அவர் மகனுக்குப் போற கடிதத்தை நிறுத்தச் சொல்லணும்." "நீங்க யாரு?" "தங்கை." "தங்கைன்னு குறிச்சுக்கலாமா?" குறித்துக்கொண்டாள். வீட்டு எண்ணைச் சுற்றினேன். அதையும் அங்கேதான் திருப்பிவிட்டிருக்கிறீர்கள்; அதே பெண்தான் எடுத்தாள். "அம்மா, ஏற்கெனவே குறிச்சுட்டேனே" என்றாள். கைப்பேசி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று நீங்கள் இருக்கும் பிடிவாதத்தை இன்றுபோல நான் என்றும் வைததில்லை. அவனைக் கூப்பிடக் கை போனது. என்ன சொல்வது? 'உங்கப்பா உன்னை வெளியே போகச் சொல்லியிருக்கார், ஆனா அதை நம்பாதே' என்றா? அப்படிச் சொன்னால் அந்தக் கடிதத்தை நானே கையில் கொடுத்ததாகும். எனவே இதை எழுதுகிறேன், இது முந்தாது என்று தெரிந்தே.

அந்த நிறுவனம் வக்கீல் அலுவலகப் பழக்கம் உள்ளவர்கள் வேண்டும் என்று விளம்பரம் செய்திருந்தது. உங்கள் வேலையும் அங்கேதான் வருகிறது என்று எனக்குத் தெரியாது. சேர்ந்த வாரம் ஹெட்ஃபோனை மாட்டினேன். ஓர் இருமல், பக்கம் புரட்டும் சத்தம், பேச்சைத் தொடங்குமுன் நீங்கள் முணுமுணுக்கும் அந்தத் துதியின் முதல் அடி. கையை விசையில் வைக்க முடியவில்லை. மரக்கடைக்காரருக்கு 'முடி' போவதை அன்றிலிருந்து நான்தான் நிறுத்தினேன்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில். கடிதம் என் மேசையில் ஏன் ஒரு நாள் கிடந்தது? கோபத்தில் நீங்கள் சொன்னவற்றை நான் அன்று அனுப்பியதில்லை. அந்த இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் போட்டுப் பூட்டுவேன். 'ஆறட்டும்' என்று அந்தத் தட்டுக்கு நான் பெயர் வைத்திருந்தேன். காலையில் நீங்கள் வந்து உட்கார்ந்ததும், "அண்ணா, நேத்துச் சொன்னது, அனுப்பட்டுமா?" என்று முன்னால் வைப்பேன். நீங்கள் படிப்பீர்கள். "இன்னுமா இது போகல? உனக்கு எப்பவுமே மந்தம்தான்" என்று என்னைத் திட்டிவிட்டுக் கிழித்துப் போடுவீர்கள். மற்றக் கடிதங்களும் அதற்காகக் காத்திருந்தன; எது கோபம், எது கோபமில்லை என்று பிரித்துக் காட்டினால் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று எல்லாவற்றையும் நிறுத்தினேன். அந்தக் கோடு அதனால்தான் சுவர் முழுக்க நீண்டது. தூது போகிறவர்கள் சொல்லை மட்டும் சுமந்தால் போதாது, வேளையும் பார்க்க வேண்டும் என்று பழைய செய்யுளுக்கு எனக்கு உரை சொன்னவர் நீங்கள்தான்.

மகனுக்கு நீங்கள் சொன்னதைக் கேட்டபோது, அங்கே தட்டு இல்லை, அலமாரி இல்லை. திரையில் 'ஒலி தெளிவில்லை' என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தது. அதை அழுத்தினேன். பொய்தான். அவ்வளவு தெளிவாக உங்கள் குரலை நான் கேட்டதே இல்லை. மேலாளராக இருக்கும் பெண், என் மகள் வயது, வந்து கேட்டாள். "அம்மா, ஆடியோ நல்லாத்தானே இருக்கு?" "எனக்குத் தெளிவில்லைம்மா." "ஹெட்ஃபோன் மாத்தித் தரட்டுமா?" "ஹெட்ஃபோன்ல கோளாறு இல்லம்மா" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, போய்விட்டாள்.

அடுத்ததாக என் வரிசையில் வந்தது உங்கள் புகார். ஏழாம் இருக்கைப் பணியாளரை நீக்க வேண்டும் என்று உங்கள் குரலிலேயே கேட்டேன். கை ஒரு கணம் தயங்கியது உண்மை. அடுத்தவருக்காக நிறுத்துவது என் வேலை. எனக்காக நிறுத்தினால் அது திருட்டு. தட்டெழுதினேன். ஒரு வேற்றுமை உருபு விட்டிருந்தீர்கள், சேர்த்துக்கொண்டேன். 'வழக்கம் போல முடி' என்றீர்கள். முடித்தேன். அனுப்பினேன். மறுநாள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

வேலை போனதில் எனக்கு வருத்தம் சிறிதுதான். இனி உங்களுக்கும் உங்கள் கோபத்துக்கும் நடுவே ஒருவரும் இல்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. தாயில்லாத பிள்ளை, அண்ணா. தலைசீவிவிட்டவள் நான்.

தங்கை

*

மார்ச் 29

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. ஆனால் மற்றக் கடிதம் அதற்கு முந்திவிட்டது.

தொலைபேசிக் குறிப்பும் வந்தது, மறுநாள்: 'தங்கை என்பவர் இருமுறை அழைத்தார். நோக்கம்: கடிதம்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. நீ மனமிரங்கி ஒரு கடிதம் எழுதப்போகிறாய் என்று நினைத்து மகிழ்ந்திருந்தேன்.

அவன் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தான். உட்காரவில்லை. "அப்பா, இது நீங்க சொன்னதா? இல்ல, அவங்க தப்பா அடிச்சிட்டாங்களா?" என்று கேட்டான். தங்காய், அவன் முகத்தைப் பார்த்தேன். தப்பாக அடித்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டும் என்று காத்து நின்றான். முன்பு முடியைப் பற்றி வந்த பிழைபோல இதுவும் ஒரு பிழை என்று சொல்லியிருந்தால் இருவரும் சிரித்திருப்போம். என் நாக்கு ஒரு பொய்க்குப் பழகியிருக்கவில்லை. "நான் சொன்னதுதான்" என்றேன்.

அவன் தாளைத் திருப்பிக் கடைசி வரியைக் காட்டினான். "கீழ, 'தங்கள் மேலான ஒத்துழைப்புக்கு நன்றி'ன்னு போட்டிருக்கே. அதுவுமா நீங்க சொன்னீங்க?" "வழக்கம் போல முடி என்றேன்" என்றேன். "ம்" என்றான். அலுவலகச் சாவியை மேசையில் வைத்தான். சத்தமில்லாமல் வைத்தான், எறிந்திருந்தால் எனக்குத் திட்டவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பெட்டி இல்லை. எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு உன்மேல் சினம்தான் வந்தது. என் சொல்லைத் தடுத்து நிறுத்தும் உரிமையை உனக்கு யார் கொடுத்தார்கள்? எல்லாக் கோபமும் ஆறத்தான் வேண்டுமா? ஆலைக்காரர் ஒருவருக்கு, உமது வழக்கை எடுக்கமாட்டேன், நீர் கூலியாட்களை நடத்தும் விதம் எனக்கு அருவருப்பு என்று ஒருமுறை சொன்னேன். மறுநாள் நீ முன்னால் வைத்தாய், ஆறியிருந்தேன், கிழித்தேன், வழக்கை எடுத்தேன், வென்றும் கொடுத்தேன். அந்த முதல் நாளில் இருந்த மனிதனே மேலானவன். அவனையும் உன் தட்டில் போட்டுப் பூட்டிவிட்டாய். இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா?

இதையெல்லாம் எழுதி, இரண்டு தாள் நிறைந்தபின், அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் தூசிகூட இல்லை. நான்தான் எல்லாவற்றையும் கிழித்துவிட்டேனே. வெறுந்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொறுமைசாலி என்று இந்த ஊர் என்னை அழைக்கிறது. நாவடக்கம் பற்றிப் பேச அழைத்தார்கள். ஒரு மணி நேரம் செய்யுள் செய்யுளாக எடுத்துச் சொன்னேன். நீ பின்வரிசையில் இருந்தாய். வேலையை வெளியே கொடுக்கிறோம் என்று இந்த ஆண்டுதான் பேசத் தொடங்கினோம். நான் என் பொறுமையை என்றோ வெளியே கொடுத்திருக்கிறேன். செய்தது நீ. பெயர் எனக்கு.

அந்த இரண்டு தாளையும் கீழ்த்தட்டில் போட்டுப் பூட்டினேன். காலையில் எடுத்துப் படித்தேன். ஆலைக்காரர் பகுதியை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன், அது ஆறவில்லை. மற்றதைக் கிழித்துவிட்டேன்.

உன்னை நீக்கிய புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவர்களுக்குச் சொல்லவா?

இன்னொன்று. மகனுக்கு என் கையால் எழுதத் தொடங்கியிருக்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்: நான் சொன்னது உண்மை, ஆனால் அது அன்றைய உண்மை என்று. முடிக்கத்தான் தெரியவில்லை. வெண்பாவின் ஈற்றடி ஒரு சீர் குறைந்து நிற்பதுபோல என் கடிதம் நிற்கிறது. 'வழக்கம் போல முடி' என்று வாழ்நாள் முழுவதும் சொன்னேன். அந்த வழக்கம் என்ன என்று ஒரு நாளும் நான் கீழே பார்த்ததில்லை. நீ என்ன எழுதுவாய்? அதைக் கொஞ்சம் எழுதி அனுப்பு. அவன் இருக்கும் இடம் தெரிந்தால் அதையும்.

அண்ணன்

*

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

புகாரைத் திரும்பப் பெற வேண்டாம். ஒலி தெளிவாகத்தான் இருந்தது. நீங்கள் சொன்னதில் பிழை இல்லை. இங்கே பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் பாதி நாளுக்கு ஆள் கேட்கிறார், பார்க்கிறேன். உங்கள் முன்னறைக்குத் திரும்பி வர என்னால் முடியாது. மறுபடியும் உங்கள் பொறுமையாக உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பில்லை, அண்ணா. கீழ்த்தட்டு இருக்கிறது, சாவி இருக்கிறது. உங்களுக்கே கைவந்துவிட்டது.

ஆலைக்காரர் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. அந்தக் கடிதத்தை உறையில் போட்டுத் தபால்தலைகூட ஒட்டிவிட்டு, வழக்கத்தை மாற்றப் பயந்து மறுபடி எடுத்தேன். அது போயிருக்க வேண்டிய கடிதம்.

முடிவு வரி கேட்டிருக்கிறீர்கள். வழக்கம் என்று ஒன்று இருந்ததே இல்லை. மரக்கடைக்காரருக்கு, 'வரும்போது ஒரு வேடிக்கைக் கதையோடு வரவும்' என்று எழுதுவேன். அதனால்தான் அவர் எப்போதும் கதையோடு வந்தார். புருஷனை இழந்து வழக்காடும் பெண்களுக்கு, 'வாய்தாவுக்குத் தனியாக வர வேண்டாம், நான் படியில் நிற்பேன்' என்று எழுதிவிட்டு, உங்களுக்கு நினைவூட்டிப் படியில் நிற்க வைப்பேன். எதிர்த்தரப்பு வக்கீல் கிழவருக்கு, 'மற்றவை நேரில், முழங்கால் வலி எப்படி?' அவர் உங்களிடம் மட்டும் ஏன் அவ்வளவு மென்மையாக வாதாடினார் என்று வியந்திருக்கிறீர்களே! ஏழாம் இருக்கையை நீக்கச் சொன்ன கடிதத்துக்கு, 'அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கும், மரியாதையோடு அனுப்பவும்' என்று முடித்தேன். மரியாதையோடுதான் அனுப்பினார்கள்.

மகனுக்கு எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியாது. அந்த ஒன்றைத் தவிர நீங்கள் அவனுக்கு இதற்குமுன் கடிதமே எழுதியதில்லை; அதனால் நானும் முடித்ததில்லை. தெரியாவிட்டால் முடிக்காமலே அனுப்புங்கள். சின்ன வயதில் பாதிக் கதையில் நான் தூங்கிவிட்டால் கன்னத்தைத் தட்டி, "அப்புறம், அப்புறம்?" என்று கேட்டவன்தானே.

இடத்துக்கு அலைய வேண்டாம். இங்கேதான் இருக்கிறான். அன்றே பெட்டியோடு வந்தான். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டான். நேற்றுத்தான் அந்தச் சத்தியத்திலிருந்து என்னை விடுவித்தான். கூடத்தில் படுத்திருக்கிறான், மாப்பிள்ளைக்கு டிவி பார்க்கத் துணை கிடைத்தது. துவைக்கும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தபோது என் அறைவாசலில் வந்து உட்கார்ந்தான். ஏழாம் இருக்கைக் கதையைச் சொன்னேன். பிறகு, "அத்தை, அந்த ஒரு நாள் பூரா கடுதாசிய வச்சுக்கிட்டு என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?" என்றான்.

"ஒண்ணும் பண்ணலடா. அதுதான் வேலை" என்றேன்.

"அதை எப்படி சார்ட்ல காட்டறது?" என்றான். சிரிக்கத்தான் நினைத்தான். முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புதுக் கடிதத்தாளைக் கட்டோடு திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டானாம். அதை உங்களிடம் நான் சொல்லக் கூடாதாம்.

இந்த முகவரிக்கே எழுதுங்கள். தபால்காரர் வந்ததும் கையில் கொடுத்துவிடுவேன். இந்த ஒன்றை மட்டும் நான் ஒரு பொழுதும் வைத்திருக்க மாட்டேன்.

தங்கை